பி மீசான் சிதைவுக் கணக்கு: விடையைப் பார்த்துத் திருகுகிறார்களா?

குன்னூரிலிருந்து முதுகலை இயற்பியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்கு வகுப்போடு போய், மியூவான்களை எண்ணும் இரும்புக் குழாய் வரிசைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வானிலிருந்து வரும் மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவினர்கள்) பை மீசான்கள் சிதைந்து உண்டாகின்றன என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மேலும் தேடியபோது, பை மீசானைவிடப் பல மடங்கு கனமான டி, பி மீசான்களின் சிதைவை சூப்பர் கம்ப்யூட்டரில் ‘சிமுலேஷன்’ செய்து கணக்கிடுகிறார்கள் என்று படித்திருக்கிறார். அவர் கேள்வி இது: “சோதனையில்தான் அளந்துவிட்டார்களே, பிறகு கணினி எதற்கு? அளந்த எண் வரும்வரை எதையாவது திருகிவிட்டு, வந்ததும் கோட்பாடு சரி என்கிறார்களா?”

முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதிதான் உண்மையான கேள்வி: விடை முன்னாலேயே தெரிந்திருக்கும் ஒரு கணக்கை எப்படி நம்புவது? நான் இந்த வேலையில் 11 ஆண்டுகள் இருந்தேன். டி மீசான்கள் நானே போட்ட கணக்கு. பி மீசான்களில் குழுவோடு சேர்ந்து கொஞ்சம் செய்திருக்கிறேன். 2015-இல் ஊர் திரும்பி, இப்போது கோத்தகிரியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதனால் அதற்குப் பின் வந்த முடிவுகளை வெளியிலிருந்து படிப்பவராகத்தான் சொல்ல முடியும்.

நீங்கள் பார்த்த குழாய்களிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சதுர வாய். அப்படி 3,712 குழாய்கள், 560 சதுர மீட்டர் பரப்பில், கான்கிரீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. அங்கே பதிவாகும் மியூவான்களில் பெரும்பாலானவை நமக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பை மீசான் சிதைந்ததால் வந்தவை. எல்லா மீசான்களையும் போல, பை மீசானுக்குள் ஒரு குவார்க்கும் (புரோட்டானுக்குள்ளும் இருக்கும் அடிப்படைத் துகள்) ஓர் எதிர்க்குவார்க்கும் இருக்கின்றன. இரண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது வலுக்குறைந்த விசை அவற்றை அழித்து ஒரு மியூவானையும் ஒரு நியூட்ரினோவையும் உண்டாக்குகிறது. இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கான சூத்திரம் ஒரே வரிதான்: வலுக்குறைந்த விசையின் வலிமையைச் சொல்லும் ஃபெர்மி மாறிலியின் இருமடி, குவார்க் வகை மாறுவதன் வலிமையைச் சொல்லும் ஒரு எண்ணின் இருமடி, இரண்டு துகள்களின் நிறைகள், கடைசியாக ‘சிதைவு மாறிலி’ என்ற ஓர் எண்ணின் இருமடி. அந்தக் கடைசி எண்ணில்தான் சிரமம் முழுவதும் இருக்கிறது. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஒரே இடத்தில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்வது அது. அதை முடிவுசெய்வது குவார்க்குகளைப் பிணைத்து வைக்கும் வலிய விசை.

பை மீசானுக்கு அந்த மாறிலி சுமார் 130 மெகா எலக்ட்ரான் வோல்ட். இனி சுருக்கமாக எம்.இ.வி. என்கிறேன். சார்ம் என்ற கனமான குவார்க் உள்ள டி மீசானுக்கு 212, அதைவிடக் கனமான பாட்டம் குவார்க் உள்ள பி மீசானுக்கு 190. சூத்திரம் மூன்றுக்கும் ஒன்றுதான். பை மீசானின் நிறை 140 எம்.இ.வி., பி மீசானுக்கு 5,279. பை மீசான் 26 நானோ விநாடி வாழ்கிறது. பி மீசானுக்குக் கிடைப்பது 1.5 முதல் 1.6 பிக்கோ விநாடி. ஒளியே அந்த நேரத்தில் அரை மில்லிமீட்டர்தான் போகும்.

இப்போது முதல் கேள்விக்கு விடை தானாக வருகிறது. சோதனையில் அளக்க முடிவது பெருக்குத்தொகையை மட்டும்: குவார்க் வகை மாறும் எண்ணும் சிதைவு மாறிலியும் பெருக்கி வந்த ஒரே எண். அதை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. வகை மாறும் எண்கள் ஒன்பதும் சேர்ந்த அட்டவணையைத்தான் கொபயாஷியும் மஸ்கவாவும் 1973-இல் எழுதினார்கள். 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அட்டவணையின் வரிசைகள் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டுமானால் சிதைவு மாறிலியை யாராவது தனியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். கணினியின் வேலை அதுதான்.

தாளில் பேனாவால் ஏன் முடியாது? மின்காந்தத்தில் வலிமை எண் 137-இல் ஒரு பங்கு. அடுத்தடுத்த திருத்தங்கள் சிறுத்துக்கொண்டே போகும். வலிய விசையில், மிக அதிக ஆற்றலில் அந்த எண் 0.118-க்குக் குறைகிறது, அங்கே பேனா போதும். ஆனால் ஒரு மீசானின் அளவான ஒரு ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்) தூரத்தில் அது ஒன்றை நெருங்குகிறது. திருத்தம் திருத்தமாகக் கூட்டினால் எங்கும் போய் நிற்காது. 1974-இல் கென்னத் வில்சன் வேறு வழி காட்டினார்: வெளியையும் நேரத்தையும் கட்டம் கட்டமாக வெட்டிவிடு, குவார்க்குகளைக் கட்டத்தின் முனைகளில் வை, வலிய விசையைக் கடத்தும் குளுவான்களை முனைகளை இணைக்கும் கோடுகளில் வை, எல்லாம் எண்ணிவிடக்கூடிய கணக்காகிவிடும். இதையே லாட்டிஸ் என்கிறோம்.

‘சிமுலேஷன்’ என்ற சொல் இங்கே உங்களைத் தவறான பக்கம் இழுக்கும். கணினிக்குள் ஒரு மீசான் பிறந்து, பறந்து, சிதைவதில்லை. நடப்பது ஒரு பெரிய கூட்டல். குளுவான் புலம் எத்தனை விதமாக அமைய முடியுமோ அத்தனை அமைப்புக்கும் ஒரு எடை போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். நேரத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிக்கொண்டால் அந்த எடைகள் எல்லாம் நேர்மறை எண்களாகிவிடுகின்றன. சாதாரண நிகழ்தகவு போலக் கையாளலாம். இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

கூட்டல் எவ்வளவு பெரிது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியில் பக்கத்துக்கு 64 புள்ளி, நேரத்தில் 128 புள்ளி என்று ஒரு கட்டம் எடுத்தால் மொத்தம் 3 கோடியே 35 லட்சம் முனைகள். முனைக்கு நான்கு கோடுகள். கோட்டுக்கு மூன்றுக்கு மூன்று சிக்கலெண் அணி, அதாவது 18 எண்கள். ஒரே ஓர் அமைப்பைச் சேமிக்க 19 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். எல்லா அமைப்புகளையும் கூட்டுவது எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் எடைக்கு ஏற்றபடி ஓர் ஆயிரம் அமைப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரில் படிப்பு தேவையில்லை. அப்பா பசுந்தேயிலை மூட்டையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும்போது நானும் கூடப் போவேன். அங்கே மூட்டை முழுவதையும் எண்ணமாட்டார்கள். ஒரு கை அள்ளித் தட்டில் பரப்பி, இரண்டு இலை ஒரு மொட்டு எத்தனை, முற்றிய இலை எத்தனை என்று பிரிப்பார்கள். அந்தக் கைப்பிடி மூட்டையின் நியாயமான மாதிரியாக இருந்தால் போதும். மேலாக மட்டும் அள்ளினால் ஏமாறலாம். நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுக்க வேண்டும். லாட்டிஸிலும் இதே கவலைதான். ஓர் அமைப்பிலிருந்து அடுத்த அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றித்தான் உண்டாக்குகிறோம், ஆகவே அடுத்தடுத்தவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆயிரம் அமைப்பு என்று சொன்னாலும் உண்மையில் தனித்தனியானவை நூறுதான் என்று ஆகிவிடலாம். கட்டம் 0.05 ஃபெர்மிக்குக் கீழே நுண்ணியதாகும்போது இது மோசமாகிறது. புலத்தின் முறுக்கை எண்ணும் ஓர் எண் இருக்கிறது, அது மாறவே மாறாமல் உறைந்து நிற்கும். மூட்டையின் மேல்பகுதியிலேயே கை சிக்கிக்கொண்டது போல. இதற்கு மருந்துகள் உண்டு. ஆனால் கவனிக்காமல் விட்டால் பிழை சிறியதாகத் தெரியும், விடை தப்பாக இருக்கும்.

அமைப்புகள் கையில் வந்ததும் மீசானை எப்படி அளப்பது? நேரம் பூஜ்யத்தில் ஒரு மீசானை உண்டாக்குகிறோம், பிறகு ஒவ்வொரு நேரப் படியிலும் அது இருக்கிறதா என்று கேட்கிறோம். கற்பனை நேரத்தில் விடை படிப்படியாகத் தேயும். கட்ட இடைவெளி 0.09 ஃபெர்மி என்றால் டி மீசானுக்கு ஒவ்வொரு படியிலும் எண் முந்தையதில் சுமார் 43 விழுக்காடாகக் குறையும். அடுத்தடுத்த எண்களின் விகிதத்திலிருந்து நிறை கிடைக்கிறது, மொத்த உயரத்திலிருந்து சிதைவு மாறிலி கிடைக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் முதல் சில படிகளில் டி மீசானோடு அதே குணங்களை உடைய கனமான உறவினர்களும் கலந்திருக்கும். அவை தேய்ந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலோ இரைச்சல் ஏறிவிடும். பி மீசானுக்கு அது இன்னும் வேகமாக ஏறும். நடுவில் ஒரு சமதளம் தெரியும், அங்கேதான் எண்ணைப் படிக்க வேண்டும். சமதளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது மனிதத் தீர்ப்பு.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவராக இருந்த காலம். டி மீசானின் சிதைவு மாறிலிக்கு கிளியோ-சி சோதனை 2005-இல் தந்த எண் 223, கூடக்குறைய 17. என் கட்டத்தில் ஏழாவது படியிலிருந்து சமதளம் என்று எடுத்தேன், 221 வந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு விழுக்காடு பிழை என்று எழுதி வைத்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “பன்னிரண்டாவது படியிலிருந்து எடுத்தால் என்ன வருகிறது?” என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தால் 4 விழுக்காடு கீழே இறங்கிவிட்டது. ஏழாவது படியில் இருந்தது சமதளமே இல்லை, கனமான உறவினர்களின் மெல்லிய சரிவு. ஒரு மாத வேலை போயிற்று. நான் எதையும் திருகவில்லை, ஏமாற்ற நினைக்கவும் இல்லை. அளந்த எண்ணுக்கு அருகில் வந்ததால் மேற்கொண்டு சோதிக்கவில்லை, அவ்வளவுதான். எண் 205 என்று வந்திருந்தால் நூறு தடவை சோதித்திருப்பேன். அந்தச் சோதனையின் எண்ணும் 2008-இல் 206-க்கு இறங்கியது.

எனவே உங்கள் சந்தேகம் வீண் இல்லை. ஆபத்து திருகுவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. இதற்காகவே இப்போது பல குழுக்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்கிடுகின்றன. குழுவில் ஒருவர் எண்களை எல்லாம் ஓர் இரகசியக் காரணியால் பெருக்கிவிடுவார். மற்றவர்கள் சமதளத்தைத் தேர்ந்து, பிழைகளை எழுதி, கட்டுரையின் வரைவையும் முடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் காரணியைத் திறப்பார்கள். திறந்த பின் எதையும் மாற்றுவதில்லை.

திருகுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எத்தனை என்று எண்ணிவிடலாம். மேல், கீழ் (அப், டவுன்) என்ற லேசான குவார்க்குகளின் சராசரி நிறை ஒன்று. ஸ்ட்ரேஞ்ச், சார்ம், பாட்டம் குவார்க் நிறைகள் மூன்று. வலிய விசையின் வலிமை ஒன்று, கட்ட இடைவெளி எத்தனை ஃபெர்மி என்பதை அதுவே முடிவுசெய்கிறது. மொத்தம் ஐந்து. பை மீசான் நிறை, ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கலந்த கே, டி-எஸ், பி-எஸ் மீசான்களின் நிறைகள், பிறகு ஓர் அளவுகோலாக பை மீசானின் சிதைவு மாறிலி என்று ஐந்து அளந்த எண்களைக் கொடுத்து இவற்றை நிறுத்திவிடுகிறோம். குழுவுக்குக் குழு எந்த ஐந்து என்பது மாறும், எண்ணிக்கை மாறாது. அதற்குப் பிறகு கையில் ஒரு திருகும் மிச்சமில்லை. டி, பி மீசான்களின் சிதைவு மாறிலிகள், வடிவக் காரணிகள் (பின்னால் சொல்கிறேன்), புரோட்டானின் நிறை எல்லாம் தானாக வந்து விழ வேண்டும்.

வந்து விழுகின்றனவா? அளப்பதற்கு முன்பே சொன்ன உதாரணம் ஒன்று இருக்கிறது. பாட்டமும் சார்மும் சேர்ந்த பி-சி மீசானின் நிறை 2004-இல் நுட்பமாகத் தெரியாது. அந்த ஆண்டு லாட்டிஸ் குழு ஒன்று 6,304 எம்.இ.வி. என்று கணக்கிட்டு வெளியிட்டது, பிழை 12 முதல் 20 வரை. அடுத்த ஆண்டு ஃபெர்மிலேபின் சி.டி.எஃப். சோதனை 6,287 என்று அளந்தது. இது நடந்தபோது நான் மாணவர். காபி இடைவேளையில் ஒருவர் அச்சிட்ட தாளோடு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லாம் இப்படி இனிமையாக முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2008-இல் டி-எஸ் மீசானின் சிதைவு மாறிலி லாட்டிஸில் 241, பிழை 3 மட்டுமே. சோதனையில் 270-ஐ ஒட்டி இருந்தது. புதிய துகள் ஒன்று இந்தச் சிதைவில் தலையிடுகிறதோ என்று கட்டுரைகள் வந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சோதனை எண் இறங்கியது, லாட்டிஸ் எண் 248-க்கு ஏறியது. இன்று இரண்டும் 250-க்கு அருகில் ஒத்துப்போகின்றன. ‘பார்த்தீர்களா, திருகிவிட்டார்கள்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். லாட்டிஸ் எண் ஏறியதற்குக் காரணம் அளவுகோல். கட்ட இடைவெளியை ஃபெர்மியாக மாற்றப் பயன்படுத்திய நீளம் பின்னால் நுட்பமாகக் கணக்கிடப்பட்டபோது இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அந்த மாற்றம் டி-எஸ் மீசானைப் பார்த்து வந்ததல்ல, வேறு பல துகள்களின் கணக்கிலிருந்து வந்தது. ஆனாலும் 2008-இல் பிழை 3 என்று எழுதியது குறைவுதான். என் கருத்தில் அந்த நிகழ்வுக்குப் பிறகே இந்தத் துறை தன் பிழைகளை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டது.

சரி, கனமான குவார்க் ஏன் தனித் தொல்லை? மலையை அளப்பவரைப் போல யோசியுங்கள். நீலகிரி முழுவதையும் வரைபடத்தில் கொண்டுவர வேண்டும், அதே வரைபடத்தில் ஒரு சோலைக்குள் ஓடும் சிற்றோடையும் தெரிய வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால் ஓடை இடையில் காணாமல் போகும். ஒரு மீட்டருக்கு ஒன்று எடுத்தால் மலை முழுவதும் நடந்து முடியாது. பை மீசானின் அலைநீள அளவு 1.4 ஃபெர்மி. அது சுவரில் முட்டாமல் இருக்கப் பெட்டி அதைப்போல நான்கு மடங்காவது, சுமார் 5.6 ஃபெர்மி இருக்க வேண்டும். பாட்டம் குவார்க்கின் அதே அளவு 0.05 ஃபெர்மிக்கும் கொஞ்சம் கீழே. அது கட்டத்தில் வழுவாமல் தெரிய இடைவெளி 0.02 ஃபெர்மியாவது வேண்டும். வகுத்துப் பாருங்கள், பக்கத்துக்கு 280 புள்ளி. இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் மட்டுமே 16 மடங்கு. செலவு அதற்கும் மேல்.

இதற்கு இரண்டு வகையான வழிகள் உண்டு. பழையது, பாட்டம் குவார்க்கைத் தொட்டபெட்டா போல அசையாமல் நிற்க வைத்து, லேசான குவார்க்கும் குளுவான்களும் மூடுபனி போல அதைச் சுற்றி வருகின்றன என்று எடுத்துக்கொள்வது. மலை 2,637 மீட்டரா 2,700 மீட்டரா என்பது பனிக்குத் தெரியாது. அதுபோல குவார்க் மிகக் கனமாக இருந்தால் அதன் நிறை அந்தப் பனிக்குப் பெரிதாகத் தெரியாது. இஸ்கரும் வைஸும் 1989-90-இல் இதிலிருந்து மிக அழகான விதிகளை எடுத்தார்கள். குவார்க் மெதுவாக அசைவதைத் திருத்தமாகச் சேர்க்கும் வகைகளும் உண்டு. குறை என்னவென்றால், வெட்டிவிட்ட மீதித் திருத்தங்களை மதிப்பிட்டுத்தான் சொல்ல முடியும். புதிய வழி, பாட்டம் குவார்க்கை மற்ற குவார்க்குகளைப் போலவே முழுமையாக நடத்துவது. 0.03 ஃபெர்மி வரை நுண்ணிய கட்டங்கள் இப்போது இருக்கின்றன. சார்ம் நிறையிலிருந்து படிப்படியாகக் கனத்தைக் கூட்டிக் கணக்கிட்டு, பாட்டம் நிறைக்குக் கோட்டை நீட்டுகிறோம். 2018-இல் ஃபெர்மிலேப், மில்க் குழுக்கள் சேர்ந்து இப்படிச் செய்து பி மீசானுக்கு 189.4 என்று கொடுத்தன, பிழை 1.4 மட்டும். என் காலத்தில் 5 விழுக்காட்டுக்குப் போராடிய எண் இது. படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி எது உறுதி, எது இல்லை. சிதைவு மாறிலிகள் உறுதி. வெவ்வேறு குழுக்கள், குவார்க்கைக் கட்டத்தில் வைக்கும் முறையே வெவ்வேறு, ஆனாலும் ஒரு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகின்றன. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பி-எஸ் மீசான் இரண்டு மியூவான்களாகச் சிதைவது மிக அரிது. சிதைவு மாறிலியைப் போட்டுக் கணக்கிட்டால் நூறு கோடியில் மூன்று அல்லது நான்கு என்று வருகிறது. செர்னில் சி.எம்.எஸ்., எல்.எச்.சி.பி. சோதனைகள் 2015-இல் சேர்ந்து வெளியிட்டதும் பிழைக்குள் அதுவே. ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போக வேண்டுமானால் மின்காந்த விசையையும் மேல், கீழ் குவார்க்குகளின் நிறை வேறுபாட்டையும் கட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நடுத்தரமான இடம், பி மீசான் சிதைந்து இன்னொரு மீசானையும் லெப்டான்களையும் (எலக்ட்ரான், மியூவான், நியூட்ரினோ போன்றவை) தரும் சிதைவுகள். இங்கே ஒரு எண் போதாது, வெளியேறும் ஆற்றலுக்கு ஏற்ப மாறும் ஒரு வளைகோடு வேண்டும். அதை வடிவக் காரணி என்கிறோம். பிறக்கும் மீசான் மெதுவாகப் போகும் பகுதியில் லாட்டிஸ் கெட்டி, வேகமாகப் போகும் பகுதியில் இரைச்சல். பி மீசான், டி மீசானின் கிளர்ந்த வடிவமான டி-ஸ்டார் மீசானாக மாறும் சிதைவுக்கு 2021 முதல் 2023 வரை மூன்று குழுக்கள் முழு வளைகோட்டையும் கொடுத்தன. மூன்றின் வடிவமும் முழுமையாகப் பொருந்தவில்லை. பாட்டம் சார்மாக மாறும் எண்ணை இந்த வழியில் எடுத்தால் 0.039-க்கும் 0.040-க்கும் நடுவில் வருகிறது. எல்லாச் சிதைவுகளையும் ஒட்டுமொத்தமாகக் கூட்டும் இன்னொரு வழியில் 0.042. இந்த இடைவெளி பல ஆண்டுகளாக மூடவில்லை. இது புதிய இயற்பியல் என்று நான் நம்பவில்லை. எங்கோ ஒரு பிழை குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, வடிவக் காரணியில்தான் நான் முதலில் தேடுவேன்.

மியூவானைவிடக் கனமான டௌ லெப்டான் வரும் சிதைவையும் மியூவான் வரும் சிதைவையும் வகுத்து எடுக்கும் விகிதம் வேறு கதை. டி-ஸ்டாருக்குக் கோட்பாடு சுமார் 0.25 என்கிறது, அளந்தவற்றின் சராசரி 0.28-ஐ ஒட்டி நிற்கிறது. 2012-இல் பாபர் சோதனை முதலில் பெரிதாகக் காட்டியது இது. டி மீசானின் விகிதத்தையும் சேர்த்தால் விலகல் இன்றும் மூன்று சிக்மாவுக்கு மேல், அதாவது பிழையின் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. வகுக்கும்போது வடிவக் காரணிகளில் பெரும்பகுதி அடிபட்டுப் போவதால் பழியை லாட்டிஸ் மேல் முழுவதும் போட முடியாது. அதே சமயம் டௌ உடனே சிதைந்து மேலும் நியூட்ரினோக்களைத் தருவதால் சோதனைக்காரர்களின் வேலையும் மிகக் கடினம். இதில் எந்தப் பக்கமும் பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை.

முடியாத இடம் என்று ஒன்று இருக்கிறது. பி மீசான் இரண்டு பை மீசான்களாகச் சிதைவதைப் போல, வெளியே வருவதெல்லாம் வலிய விசைத் துகள்களாக இருந்தால் கணக்கு அநேகமாக நின்றுவிடுகிறது. கற்பனை நேரத்துக்கு விலை உண்டு என்றேனே, அது இதுதான். வெளியேறும் துகள்கள் ஒன்றையொன்று தாக்கிச் சிதறும் தகவல் கற்பனை நேரத்தில் கலைந்துவிடுகிறது. 1990-இல் மையானியும் டெஸ்டாவும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். கே மீசான் இரண்டு பை மீசான்களாவதற்கு, பெட்டியின் அளவையே துணையாகக் கொண்டு ஒரு வழி கண்டுபிடித்து 2015-இலும் 2020-இலும் முடிவு தந்தார்கள். பி மீசானின் ஆற்றலில் பை மீசான்கள் இரண்டு, நான்கு, ஆறு என்று எத்தனையோ வாசல்கள் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதால் அந்த வழி அங்கே செல்லாது. யாராவது பி மீசானின் இப்படிப்பட்ட சிதைவை லாட்டிஸில் முழுமையாகக் கணக்கிட்டதாகச் சொன்னால், இன்றைய நிலையில் நம்பாதீர்கள்.

கடைசியாக, படிப்பதைவிடச் செய்து பார்த்தால் உங்கள் சந்தேகம் சீக்கிரம் தெளியும். ஊட்டி ஆய்வகத்தை நடத்தும் அதே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மும்பை வளாகத்தில் லாட்டிஸ் வேலை நடக்கிறது, சென்னை கணித அறிவியல் நிறுவனத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் தொடங்குவதற்கு அங்கே போக வேண்டியதில்லை, மடிக்கணினி போதும். பக்கத்துக்கு 8 புள்ளி என்று நான்கு பக்கமும் வைத்து, 4,096 முனைகள், 16,384 கோடுகள். குவார்க்குகளே வேண்டாம், குளுவான்கள் மட்டும். வில்சன் எழுதிய எடையைப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் சிறிது மாற்றி, ஏற்பதா விடுவதா என்று பகடை போட்டுப் பாருங்கள். நான்கு கோடுகள் சேர்ந்த சிறு சதுரத்தின் சராசரியை அளக்க வேண்டும். வலிமையைக் குறிக்கும் பீட்டா மிகச் சிறிதாக இருக்கும்போது அது பீட்டாவில் 18-இல் ஒரு பங்கு வர வேண்டும், இதைத் தாளிலேயே காட்டலாம். பீட்டா 6 என்று வைத்தால் 0.594-ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கோட்டின் திசையைத் தலைகீழாகப் பெருக்கியிருப்பீர்கள், எனக்கு அப்படித்தான் ஆனது. வந்துவிட்டால் அடுத்தடுத்த அளவுகளை இரண்டிரண்டாக, நான்கு நான்காக, எட்டெட்டாகக் கட்டிச் சராசரி எடுத்து, ஒவ்வொரு முறையும் பிழை எவ்வளவு வளர்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். வளர்வது நின்று சமமாகும் இடம்தான் உங்கள் உண்மையான பிழை. அந்தப் படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.